கவுண்ட் பேஸியின் இடது கை எங்கே போனது?

#1 பன்னிரண்டு_பார்

அமெரிக்க ஜாஸ் பியானோக்காரரும் பேண்ட் தலைவருமான கவுண்ட் பேஸியின் 1937க்குப் பிந்தைய ரெக்கார்டுகளைக் கேட்பவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம், இந்த மனிதர் பியானோவில் ஏன் இவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதுதான். மேல் கட்டையில் இரண்டு சுரம், பிறகு மௌனம். நாலு பார் (நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார்) கழித்து ஒரு சின்னத் தட்டல், மறுபடி மௌனம். வாசிக்கத் தெரியாததால்தான் குறைத்துக்கொண்டார் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு என்று காட்ட ஒரே ஒரு ரெக்கார்டு போதும்.

1932 டிசம்பர் 13 அன்று நியூ ஜெர்சியின் கேம்டனில் பென்னி மோட்டன் பேண்ட் பதிவு செய்த தட்டுகளில் 'பிரின்ஸ் ஆஃப் வெயில்ஸ்' என்று ஒன்று உண்டு. அதில் பியானோ பேஸி. இடது கை கீழே ஒரு சுரம், நடுவில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) என்று தாவிக்கொண்டே இருக்கிறது. நியூயார்க் ஹார்லெமின் 'ஸ்ட்ரைட்' பாணி அது. அந்த வேகத்தில் அதை வாசிக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும். ஐந்தே வருடத்தில் அந்த இடது கையைக் காணோம்.

அது எப்படி நடந்தது, பேண்டுக்கு அதனால் என்ன கிடைத்தது, இன்றைக்கு மாணவர் பேண்டுகள் பேஸியின் உருப்படிகளை எடுக்கும்போது எங்கே சறுக்குகின்றன என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். வருடம், பெயர், எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

#2 பழையதட்டு

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

வில்லியம் ஜேம்ஸ் பேஸி, பிறப்பு 1904 ஆகஸ்ட் 21, நியூ ஜெர்சியின் ரெட் பேங்க். அம்மா லில்லியன் வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்துச் சம்பாதித்தவர். அந்தப் பணத்தில்தான் ஒரு பாடத்துக்கு 25 சென்ட் கொடுத்துப் பையனைப் பியானோ கற்க வைத்தார். பையனுக்கோ டிரம்ஸ் மேல்தான் ஆசை. பக்கத்து ஊரான லாங் பிராஞ்சில் சன்னி கிரியர் என்ற டிரம்மர் இருந்தார், பின்னாளில் டியூக் எலிங்டன் பேண்டில் வாசித்தாரே, அவர்தான். அவர் வாசிப்பைப் பார்த்தபின் பேஸி டிரம்ஸை விட்டுவிட்டுப் பியானோவுக்கே வந்துவிட்டார்.

1920களில் ஹார்லெம். லிங்கன் தியேட்டரில் மௌனப் படங்களுக்கு ஃபேட்ஸ் வாலர் ஆர்கன் வாசிப்பார். பேஸி தினமும் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பெடல்களில் கால் போகிற விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 'பன்னிரண்டு_பார்' சொல்கிற அந்தத் தாவும் இடது கை வாலர் வழி வந்தது.

பிறகு ஒரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். 1927இல் அந்தக் குழு கான்ஸஸ் சிட்டியில் கலைந்துபோக, பேஸி அங்கேயே தங்கினார். 1928இல் வால்டர் பேஜ் நடத்திய ப்ளூ டெவில்ஸ் பேண்ட், 1929இல் பென்னி மோட்டன் பேண்ட். 1935 ஏப்ரலில் டான்சில் அறுவை சிகிச்சையின்போது மோட்டன் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பேஸி 12ஆவது தெருவில் இருந்த ரீனோ கிளப்பில் 9 பேரோடு சொந்த பேண்டை ஆரம்பித்தார். 3 டிரம்பெட், 3 சாக்ஸபோன், பியானோ, பேஸ் (நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ். கிட்டார் கிடையாது, டிராம்போனும் கிடையாது.

#3 நாலாம்_தந்தி

இடது கை போன இடம் கிட்டார். இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஃப்ரெடி கிரீன் 1937இல் பேண்டில் சேர்ந்தார். 1987 மார்ச்சில் இறக்கும்வரை, பேஸி மறைந்த பிறகும், அந்த நாற்காலியில் இருந்தவர். ஒரு பாருக்கு நாலு தட்டு, நாலும் கீழ்நோக்கிய வீச்சு. ஆம்ப்ளிஃபயர் இல்லை. ஆர்ச்டாப் கிட்டாரில் தந்திகளைப் பலகையிலிருந்து மிக உயரமாக வைத்திருப்பார். உயரம் கூடினால் விரலுக்கு வலி, ஆனால் ஒலி பித்தளை வரிசையையும் (டிரம்பெட், டிராம்போன்) தாண்டிப் போகும்.

இன்றைய கிட்டார்க்காரர்கள் செய்கிற முதல் தப்பு ஒரே விரலைக் குறுக்கே வைத்து ஆறு தந்தியையும் அழுத்தி முழு கார்டு வாசிப்பது. கீழ்த் தந்திகள் பேஸோடு மோதும், மேல் இரண்டு தந்திகள் பியானோவின் வலது கையோடு மோதும். முக்கியமாக ஒலிக்க வேண்டியது நடு இரண்டு தந்திகள்தான், அங்கேதான் கிரீன் உட்கார்ந்திருக்கிறார்.

எடுத்துப் பாருங்கள். ஜி செவன்த் கார்டுக்கு 6ஆவது தந்தியில் 3ஆம் கட்டம், 4ஆவது தந்தியில் 3ஆம் கட்டம், 3ஆவது தந்தியில் 4ஆம் கட்டம். 5ஆவது தந்தியை விரல் பக்கவாட்டில் தொட்டு ஊமையாக்க வேண்டும். 1, 2 தந்திகளுக்கு வேலை இல்லை. அடுத்து சி செவன்த் வருகிறது என்றால் 4ஆவது தந்தி 2ஆம் கட்டத்துக்கும், 3ஆவது தந்தி 3ஆம் கட்டத்துக்கும், ஆளுக்கு ஒரு கட்டம் கீழே இறங்கினால் போதும். கை நகர்வதே தெரியாது. கிரீன் பல இடங்களில் இதையும் குறைத்து 4ஆவது தந்தியில் ஒரு சுரம் மட்டும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்திருக்கிறார். பேண்டுக்குள் ஒரு மெல்லிய டெனர் குரல் போல அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

அடித்தவுடன் இடது கை அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், விரல் தந்தியை விட்டு எழக் கூடாது. சத்தம் நீண்டால் தாளம் மந்தமாகும். முழுக்க வெட்டிவிட்டால் டிரம்ஸ் போலக் கட்டையாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தப் பழக மாதக்கணக்கில் ஆகும்.

#4 ஹைஹாட்_மாலா

கிட்டார் மட்டும் என்று சொன்னால் மற்ற இருவருக்கும் அநியாயம், நண்பரே. கிரீன் வருவதற்கு முன்பே, 1936இல், பேஸி குறைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வருடம் சிகாகோவில் 5 பேரோடு எடுத்த பதிவில் கிட்டார் இல்லை. ஆனாலும் பியானோ லேசாகத்தான் இருக்கிறது. காரணம் வால்டர் பேஜும் ஜோ ஜோன்ஸும்.

பேஜ் ட்யூபாவிலிருந்து பேஸுக்கு வந்தவர், நுரையீரல் பலம் அப்படியே கைக்கு வந்துவிட்டது போன்ற ஒலி. பாருக்கு நாலு சுரம், ஏறி இறங்கி நடந்துகொண்டே இருப்பார். ஸ்ட்ரைட் வாசிப்பவரின் இடது கை ஒன்றாம், மூன்றாம் தட்டில் கீழ்ச் சுரம் கொடுக்கும். பேஜ் நாலிலும் கொடுக்கிறார். இரண்டும் சேர்ந்தால் கீழே குழம்பிவிடும், ஒருவர் விலகித்தான் ஆக வேண்டும். பேஸி விலகினார்.

டிரம்ஸில் நடந்தது இன்னும் பெரிய மாற்றம். அதற்கு முன் டிரம்மர்கள் தாளத்தை ஸ்னேரிலும் பேஸ் டிரம்மிலும் வைத்திருந்தார்கள், நாலு தட்டும் தொம் தொம் என்று விழும். ஜோ ஜோன்ஸ் தாளத்தை ஹை-ஹாட்டுக்கு, அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலுக்கு, கொண்டுபோனார். இரண்டு சிம்பலும் பாதி திறந்து, மூடி, மறுபடி பாதி திறந்து... ஒலி அறுபடாமல் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு வழிந்து போகும். பேஸ் டிரம்மைக் கால் தொட்டும் தொடாமலும் மிதிக்கும். அதனால்தான் ஆம்ப்ளிஃபயர் இல்லாத காலத்திலும் பேஜின் சுரங்கள் கேட்கின்றன.

மாணவர் பேண்டுகளில் டிரம்மர் பேஸ் டிரம்மை ஓங்கி மிதிப்பார். உடனே பேஸ்காரர் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவார், பிறகு கிட்டார் ஏறும், பியானோவுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கும். அதற்குப்பின் ஊதுபவர்கள் எல்லோரும் கத்தத்தான் வேண்டும். ஒருவர் கால் கனத்தால் 16 பேருக்கும் சேதம்.

#5 பன்னிரண்டு_பார்

மாலா சொல்வது சரி. கிரீன் வந்து கடைசித் திருகை இறுக்கினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 9 பேர் பேண்டு எப்படி உருப்படி கட்டியது என்பதைப் பேசாமல் பியானோ விஷயம் முழுமையாகாது. எழுதிவைத்த நொட்டேஷன் மிகக் குறைவு. 'ஹெட் அரேஞ்ச்மென்ட்' என்பார்கள், தலையிலேயே இருக்கும் அரேஞ்ச்மென்ட். செய்முறை இதுதான். பேஸி ரிதம் செக்‌ஷனோடு (தாளம் காக்கும் பேஸ், டிரம்ஸ், பின்னாளில் கிட்டாரும்) 12 பார் ப்ளூஸை, அதாவது 12 பாரில் ஒரு சுற்று முடியும் இசை வடிவத்தை, ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ வாசிப்பார். வேகம் உட்கார்ந்த பிறகு சாக்ஸ் வரிசையில் ஒருவர் இரண்டு பார் நீளமுள்ள ஒரு ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) பிடிப்பார். பக்கத்தில் உள்ளவர்கள் அதே தாளக்கட்டில் ஆளுக்கொரு சுரம் சேர்ப்பார்கள். பித்தளைக்காரர்கள் அந்த ரிஃபின் இடைவெளியில் விழும்படி பதில் ரிஃப் ஒன்றைப் பிடிப்பார்கள். நன்றாக வந்ததை மறுநாளும் வாசிப்பார்கள், வராதது தானாக உதிர்ந்துவிடும்.

டிரம்பெட்காரர் ஹாரி எடிசன் பேண்டில் சேர்ந்த புதிதில், எந்தச் சுரம் வாசிப்பது என்றே தெரியவில்லை என்று பேஸியிடம் முறையிட்டிருக்கிறார். இன்றைக்கு நன்றாக ஒலித்த சுரத்தையே தினமும் வாசி என்பதுதான் பதில்.

இதில் பியானோவின் வேலை ரிஃப் ஓய்கிற இடத்தைக் காட்டுவது. 12 பாரில் 3–4, 7–8, 11–12 ஆகிய பார்களில்தான் பொதுவாக வாசல் திறக்கும். பேஸியின் தட்டல்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகின்றன. ரிஃப் நடக்கும்போது பியானோ நிறைத்துக்கொண்டே இருந்தால் பதில் ரிஃபுக்கு இடம் ஏது?

#6 பித்தளை_வரிசை

'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' (1937 ஜூலை 7, டெக்கா ரெக்கார்டு கம்பெனி) இதற்குப் பாடப்புத்தகம். பியானோ எஃப் சுருதியில் (கீ) தொடங்குகிறது. பிறகு டி ஃப்ளாட்டுக்கு மாறி ஊதுபவர்கள் வருகிறார்கள். ஹெர்ஷல் எவன்ஸ் டெனர் சாக்ஸ், ஜார்ஜ் ஹன்ட் டிராம்போன், லெஸ்டர் யங் டெனர், பக் கிளேட்டன் டிரம்பெட் என்று ஆளுக்கு ஒரு சுற்று. சாக்ஸ் தனியாக வாசிக்கும்போது பின்னால் பித்தளை ரிஃப், பித்தளை தனியாக வாசிக்கும்போது பின்னால் சாக்ஸ் ரிஃப். பிறகு பேஸி ரிதம் செக்‌ஷனோடு தனியாக ஒரு சுற்று. கடைசியில் மூன்று வரிசையும் சேர்ந்து ரிஃப் மேல் ரிஃப்.

டி ஃப்ளாட் என்றதும் பியானோ மாணவர்கள் பயப்படுவார்கள். ஊதுபவர்களுக்கு அது சௌகரியம். இந்தக் கருவிகளுக்கு ஒலிக்கும் சுரமும் எழுதும் சுரமும் வேறு. டிரம்பெட்டுக்கும் டெனருக்கும் அது ஈ ஃப்ளாட் என்று எழுதப்படும், ஆல்ட்டோ, பாரிட்டோன் சாக்ஸுக்கு பி ஃப்ளாட். எஃப்பிலேயே வைத்தால் டிரம்பெட், டெனருக்கு ஜி, ஆல்ட்டோவுக்கு டி. அதுவும் முடியும், ஆனால் அந்த இறங்கிய சுருதியின் கனம் கிடைக்காது. சிலர் சுலபத்துக்காக முழு உருப்படியையும் எஃப்பில் வாசித்து முடித்துவிடுகிறார்கள். மாறுகிற அந்தக் கணத்தில் கிடைக்கிற தூக்கல் போய்விடும். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

இரண்டு டெனர்களும் அருகருகே உட்காரவில்லை என்பதையும் கவனியுங்கள். எவன்ஸின் ஒலி பருமனானது, அதிர்வு மிகுந்தது. யங்கின் ஒலி மெலிந்தது, அதிர்வு குறைந்தது. வரிசையின் இரு முனைகளில் இருவரும். 1939 பிப்ரவரியில் எவன்ஸ் 30 வயது நிரம்பும் முன்பே இறந்துபோனார். 1940 இறுதியில் யங் விலகினார்.

#7 பழையதட்டு

தலையிலேயே அரேஞ்ச்மென்ட் வைத்திருப்பதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலையையும் சொல்ல வேண்டும். இதைப் பேசாமல் அந்தக் காலத்தைப் புகழ்வது நியாயமில்லை.

ரீனோ கிளப்பின் இசையை டபிள்யூ9எக்ஸ்பிஒய் என்ற வானொலி ஒலிபரப்பியது. 1936இல் ரெக்கார்டு தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் சிகாகோவில் கார் ரேடியோவில் அதைக் கேட்டு, பேண்டைத் தேடிக் கான்ஸஸ் சிட்டிக்கே வந்தார். அவர் முயற்சியால் பேண்ட் சிகாகோவின் கிராண்ட் டெரஸ் என்ற கிளப்புக்குப் போனது. ஆனால் அங்கே நடன நிகழ்ச்சிக்கு எழுதிவைத்த இசையைப் பார்த்து வாசிக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் பலர், ஒத்திகை போதவில்லை, பேண்ட் தடுமாறியது. ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் தன் சொந்த அரேஞ்ச்மென்ட்களைக் கொடுத்து உதவினார். போட்டி பேண்ட்காரர் ஒருவர் அப்படிக் கொடுத்தது பெரிய மனசு.

பிறகு நியூயார்க்கின் ரோஸ்லாண்ட் நடன அரங்கு. அங்கே கேட்ட 'மெட்ரோனோம்' இதழின் ஜார்ஜ் சைமன், சாக்ஸ் சுருதி சேரவில்லை, பித்தளை அதைவிட மோசம், மொத்த பேண்ட் அதையும்விட மோசம் என்ற பொருளில் எழுதினார். 9 பேரில் கேட்காத சுருதிப் பிசகு 13, 14 பேரானதும் வெளியே வரும். ஒரு வருடத்துக்குள் சரிசெய்துகொண்டார்கள். 1938 ஜனவரி 16இல் சவாய் நடன அரங்கில் சிக் வெப் பேண்டோடு போட்டிக்கு நின்றார்கள்.

அதே வருடம் ஜூலையில் நியூயார்க் 52ஆவது தெருவின் ஃபேமஸ் டோர் கிளப். ஒடுக்கமான அறையில் 14 பேர். கோடையில் ஆட்கள் வரமாட்டார்கள் என்று உரிமையாளர்கள் தயங்கியபோது, பேண்டின் ஏஜென்சி 2,500 டாலர் கொடுத்து ஏ.சி. போட வைத்தது. அங்கிருந்து போன வானொலி ஒலிபரப்புதான் நாடு முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது.

#8 நாலாம்_தந்தி

பழையதட்டு சார், ஹேமண்ட்தான் டெக்காவோடு கையெழுத்து வாங்கிக் கொடுத்தார் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அது சரிதானா?

#9 பழையதட்டு

இல்லை. அவருக்கு முன்பே டெக்காவின் டேவ் கேப் கான்ஸஸ் சிட்டிக்கு வந்து கையெழுத்து வாங்கிவிட்டார். 24 தட்டுப் பக்கங்களுக்கு 750 டாலர், ராயல்டி கிடையாது. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 31 டாலர் 25 சென்ட், அதுவும் பேண்ட் முழுவதற்கும். 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' எத்தனை விற்றாலும் தட்டு விற்பனையில் பங்கில்லை. ஹேமண்ட் இசைக்கலைஞர் சங்கத்திடம் முறையிட்டுக் கூலியைச் சங்க அளவுக்கு உயர்த்த முடிந்தது. ராயல்டி பிரிவை மாற்ற முடியவில்லை.

மாலா சொன்ன 5 பேர் பதிவு அந்த ஒப்பந்தத்தின் விளைவுதான். டெக்காவுக்குக் கட்டுப்பட்ட பிறகு வேறு கம்பெனியில் பேஸி பெயரைப் போட முடியாது. அதனால் டிரம்பெட்காரர் கார்ல் ஸ்மித், டிரம்மர் ஜோ ஜோன்ஸ் பெயர்களைச் சேர்த்து 'ஜோன்ஸ்-ஸ்மித்' என்று வெளியிட்டார்கள். லெஸ்டர் யங்கின் முதல் ரெக்கார்டு அது. இடம் போதாததால் ஜோன்ஸ் பேஸ் டிரம் இல்லாமல் வாசித்தார். ஹை-ஹாட் மட்டும் ஒரு பேண்டைத் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு அதைப் போட்டுக்காட்டுங்கள்.

#10 ஹைஹாட்_மாலா

பில்லி ஹாலிடே 1937இலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் இந்த பேண்டில் பாடியும் ஸ்டூடியோ ரெக்கார்டு ஒன்றுகூட இல்லாததற்கும் இதே காரணம். அவர் வேறு கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர். வானொலி ஒலிபரப்பைப் பிடித்த மூன்று பாட்டுகள்தான் மிச்சம். ஒப்பந்தத் தாள்கள் எவ்வளவைத் தின்றிருக்கின்றன என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

#11 பித்தளை_வரிசை

எல்லோரும் 1940க்குள்ளேயே நிற்கிறீர்கள். 1952க்குப் பிந்தைய பேண்ட்தான் இன்று உலகம் முழுக்க மாணவர்கள் வாசிக்கும் பேஸி.

1950 தொடக்கத்தில் பெரிய பேண்டைக் கலைக்க வேண்டி வந்தது. 16 பேரின் சம்பளம், பேருந்து, தங்குமிடம், இத்தனைக்கும் நடன அரங்குகள் காலியாகிக்கொண்டிருந்தன. பேஸி சின்னக் குழுவாக இறங்கினார். அதில் கிளார்க் டெர்ரி, வார்டல் கிரே இருந்தார்கள். ஃப்ரெடி கிரீனை அழைக்கவில்லை. அவர் ஒருநாள் கிட்டாரோடு தானே வந்து உட்கார்ந்துவிட்டார்.

1952இல் மறுபடி பெரிய பேண்ட். இந்த முறை அடித்தளம் எழுதப்பட்ட நொட்டேஷன். நீல் ஹெஃப்டி, எர்னி வில்கின்ஸ், ஃப்ராங்க் ஃபாஸ்டர் எழுதினார்கள். ஒத்திகையை நடத்தியவர் முதல் ஆல்ட்டோ மார்ஷல் ராயல். 1957இல் வரிசை 5 சாக்ஸ், 4 டிரம்பெட், 3 டிராம்போன், 4 ரிதம். தலையில் அரேஞ்ச்மென்ட் இருந்தால் ஆள் விலகும்போது அவர் பகுதியும் போய்விடும். எழுதியிருந்தால் புதியவர் அன்றைக்கே உட்காரலாம். அதனால்தான் இந்த பேண்ட் 1984 ஏப்ரல் 26இல் பேஸி ஃப்ளோரிடாவில் காலமான பிறகும் தாட் ஜோன்ஸ், ஃப்ராங்க் ஃபாஸ்டர் தலைமையில் தொடர்ந்தது. 1959 மே மாதம் நடந்த முதல் கிராமி விழாவில் 'தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி' ஆல்பத்துக்கு இரண்டு விருது வாங்கியதும் இந்த பேண்டுதான்.

#12 பன்னிரண்டு_பார்

துல்லியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யங்கும் எவன்ஸும் போல எதிரெதிர் ஒலிகள் மோதுகிற உரசல் 1952க்குப் பிறகு கிடையாது. வரிசை ஒரே மூச்சாக ஒலிக்கிறது, தனிவாசிப்பு வரிசைக்கு அடங்கி வருகிறது. என் மனசு பழைய பேண்டிடம்தான்.

ஆனாலும் மற்றவர்கள் எழுதிவைத்த தாளிலும் பேஸி தன் வேலையைச் செய்தார். 'லில் டார்லின்' ஹெஃப்டி எழுதியபோது அது இன்னும் வேகமான உருப்படி. பேஸி ஒத்திகையில் அதை மெதுவாக்கினார். நிமிடத்துக்கு 70ஐ ஒட்டிய வேகம். தாளில் ஒரு சுரம்கூட மாறவில்லை, பாட்டே வேறாகிவிட்டது.

#13 பித்தளை_வரிசை

அந்த உருப்படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஊதுபவர்கள் தட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வாசிக்க வேண்டும், ரிதம் செக்‌ஷன் சாயக் கூடாது. ரிதம் செக்‌ஷனும் ஊதுபவர்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தால், அவர்கள் இன்னும் பின்னால் போவார்கள், ரிதம் இன்னும் காத்திருக்கும். 70இல் தொடங்கியது முடியும்போது 60க்கு வந்து நிற்கும்.

ஒத்திகைக்கு மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 35இல் வைத்து அந்தத் தட்டை 2, 4 என்று எண்ணுங்கள். ஒவ்வொரு தட்டையும் உள்ளுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் ஊதுபவர்கள் இல்லாமல் ரிதம் மட்டும் முழு உருப்படியையும் வாசிக்கட்டும். பிறகு டிராம்போன், பிறகு சாக்ஸ், கடைசியில் டிரம்பெட். மெதுவான பாட்டு என்று மெல்ல ஊதினால் மூச்சு தளர்ந்து சுருதி இறங்கும். ஒலி சின்னதாக இருக்கலாம், காற்றின் வேகம் குறையக் கூடாது.

#14 ஹைஹாட்_மாலா

ரிதம் ஒத்திகைக்கு ஒன்று சேர்க்கிறேன். பேஸும் ஹை-ஹாட்டும் மட்டும் 12 பாரை நாலைந்து சுற்று போகட்டும். கிட்டார் சேரும்போது அது தனியாகக் கேட்கக் கூடாது, நிறுத்தினால்தான் குறை தெரிய வேண்டும். பியானோ கடைசி. முதல் வாரம் பியானோக்காரர் இடது கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். வலது கைக்கும் ஒரு சுற்றில் மூன்று இடம்தான், மேலே 'பன்னிரண்டு_பார்' சொன்ன அந்த மூன்று.

பேஸியின் உருப்படிகள் பலவற்றின் முடிவில் பியானோவில் வரும் மூன்று மெல்லிய தட்டல் தனி ஒத்திகை கேட்கும். எல்லோரும் அவசரப்படுவார்கள். அதற்கு முந்தைய மௌனத்திலும் ஹை-ஹாட் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

#15 நாலாம்_தந்தி

தலைப்புக் கேள்விக்கு ஒரு சாட்சி விட்டுப்போயிற்று. 1974இல் பேஸி ரே பிரவுன், லூயி பெல்சன் இருவரோடும் மூவராகப் பதிவு செய்த 'ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம்' இருக்கிறது. பேஸ், டிரம்ஸ், பியானோ. கிட்டார் இல்லை. அப்போது அவருக்கு 69 வயது. கேட்டுப் பாருங்கள், 1932இன் அந்த இடது கை அங்கங்கே எழுந்து தாவுகிறது.